800 கலோரிக்குள் ஒரு மாவுச்சத்து வேட்டை

மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பதிலாகப் பவுடரைக் கரைத்துக் குடித்து, நாளொன்றுக்கு 800 கலோரியில் இருக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கென்று சென்ற இதழில் ஒரு கட்டுரை வந்திருக்கிறது. அதன் வாதம் இது. கலோரிக் கணக்கு ஒரு மாயை. மாவுச்சத்து ஒன்றே எதிரி. அந்தப் பாக்கெட்டுகளில் பாதிக்கு மேல் மாவுச்சத்துதான் இருக்கிறது. ஆகவே அவை சர்க்கரை நோயாளிக்கு ஆகாதவை. நான்கு பாக்கெட் குடிப்பவர் அதை இரண்டாகக் குறைத்து, மிச்ச வயிற்றை முட்டை, நெய், தேங்காய் எண்ணெய் கொண்டு நிரப்பி, மாவுச்சத்தை 20 கிராமுக்குள் நிறுத்திவிட வேண்டும். மாத்திரைகளை வழக்கம்போல் தொடரலாம்.

இதில் ஒவ்வொரு படியும் தவறு. கடைசிப் படி ஆளையே கொல்லக்கூடிய தவறு. உணவு ஆலோசனை மேசைக்கு இந்தப் பக்கம் உட்காருகிறவள் நான். அந்தப் பக்கத்தைக் கத்தரித்து மடித்துக் கொண்டுவருகிறவர்களுக்கு ஒவ்வொருவராகப் பதில் சொல்வது போதாது என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

கட்டுரையாளரின் பெரிய ஆயுதம் ஒரு சதவீதக் கணக்கு. ஸ்காட்லாந்திலும் வடகிழக்கு இங்கிலாந்தின் டைன்சைடிலும், பாக்கெட் உணவால் சர்க்கரை நோயைத் தணிக்க முடியுமா என்று பார்க்க நடந்த டைரெக்ட் ஆய்வில் கொடுத்த பாக்கெட்டுகளில் மாவுச்சத்தின் பங்கு 59 சதவீதம். நம் சாப்பாட்டுத் தட்டிலும் ஏறக்குறைய அதே அளவுதானே, பிறகு எதற்குக் காசு கொடுத்துப் பவுடர் வாங்க வேண்டும் என்று கேட்கிறார். எதில் 59 சதவீதம் என்று அவர் கேட்கவே இல்லை. இந்தியர்களின் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று ஐசிஎம்ஆர்–இண்டியாப் ஆய்வு சொல்வது உண்மை. நாளுக்கு 2000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு அது 310 கிராம். டைரெக்டில் கொடுத்த பாக்கெட்டுகளின் மொத்தமே 825 முதல் 853 கலோரிதான். அதில் 59 சதவீதம் என்றால் 120 கிராமைச் சற்றே தாண்டும். 310 கிராம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் ஒரே நாளில் 120 கிராமுக்கு இறங்குகிறார். தட்டில் இருந்த மாவுச்சத்தில் ஐந்தில் மூன்று பங்கு போய்விட்டது. யாரும் தராசு வைக்கவில்லை, செயலியில் பதியவில்லை. பாக்கெட்டைத் தவிர வேறெதையும் தொடாதே என்ற ஒரே விதி அத்தனையையும் செய்துவிட்டது. சதவீதத்தையும் கிராமையும் ஒன்றாக்கிப் பேசுகிறவர், ஆயிரம் ரூபாய்ச் சம்பளத்தில் பாதியும் லட்ச ரூபாய்ச் சம்பளத்தில் பாதியும் ஒன்று என்று சாதிக்கிறார். சர்க்கரை நோயாளிகளுக்கு அறிவுரை சொல்லக் கிளம்பியவர் செய்யக்கூடாத பிழை இது.

அடுத்தது, மாவுச்சத்து ஒன்றே எதிரி என்ற வாதம். காலையில் எழுந்ததும் விரலைக் குத்திப் பார்க்கும் எந்தச் சர்க்கரை நோயாளிக்கும் ஒரு குழப்பம் வந்திருக்கும். ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டது. பத்து மணி நேரமாகத் தண்ணீரைத் தவிர எதுவும் உள்ளே போகவில்லை. அப்படியிருக்கக் காலையில் எப்படி 160 காட்டுகிறது? அந்தச் சர்க்கரை இட்லியிலிருந்து வந்ததல்ல. கல்லீரல் இரவெல்லாம் தயாரித்து ரத்தத்தில் விட்டது. சாப்பிடாத நேரத்தில் மூளைக்குச் சர்க்கரை கொடுப்பது கல்லீரலின் அன்றாட வேலை. அளவு மீறாமல் பார்த்துக்கொள்வது இன்சுலின். கல்லீரலுக்குள் கொழுப்பு ஏறிவிட்டால் இன்சுலின் சொல் அங்கே எடுபடாது. கல்லீரல் தன் போக்கில் சர்க்கரையை உற்பத்தி செய்துகொண்டே இருக்கும். மிஞ்சிய கொழுப்பு ரத்தத்தில் ஏறிக் கணையத்திலும் படிந்து, சாப்பிட்டவுடன் சுரக்க வேண்டிய முதல் கட்ட இன்சுலினை மந்தமாக்கும். நியூகாசில் பல்கலைக்கழகத்தின் ராய் டெய்லர் 2008இல் முன்வைத்த விளக்கம் இது.

அதைச் சோதிக்க அவருடைய குழு 11 சர்க்கரை நோயாளிகளை எட்டு வாரம் பாக்கெட் உணவிலும் மாவில்லாக் காய்கறியிலும் வைத்தது. மொத்தம் நாளுக்கு 600 கலோரி அளவு. 2011இல் வெளியான முடிவு மருத்துவ உலகை நிமிர்ந்து உட்கார வைத்தது. ஏழே நாளில் வெறும் வயிற்றுச் சுகர் சராசரி 166இலிருந்து 106க்கு வந்தது. எட்டு வாரத்தில் கல்லீரல் கொழுப்பு 12.8 சதவீதத்திலிருந்து 2.9 ஆனது. கணையத்தின் முதல் கட்ட இன்சுலின் சுரப்பு கிட்டத்தட்ட இயல்புக்குத் திரும்பியது. அந்தப் பாக்கெட்டுகளில் மாவுச்சத்து 46 சதவீதம், அதாவது நாளுக்குச் சுமார் 60 கிராம்.

கட்டுரையாளர் இந்த ஆய்வைத் தன் பக்கச் சாட்சியாக நிறுத்துகிறார். மாவுச்சத்து குறைந்தது, சுகர் குறைந்தது, வழக்கு முடிந்தது என்கிறார். ஆனால் ஆறு வருடம் கழித்து வந்த டைரெக்டில் மாவுச்சத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு. அவர் கோட்பாடு உண்மையென்றால் அந்த ஆய்வு தோற்றிருக்க வேண்டும். தோற்கவில்லை. 49 மருத்துவ நிலையங்கள், 306 நோயாளிகள். ஓராண்டு முடிவில், பாக்கெட் உணவுத் திட்டத்தில் சேர்ந்தவர்களில் 46 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் தணிந்திருந்தது. சர்க்கரைக்கான எந்த மாத்திரையும் இல்லாமல் அவர்களுடைய மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 6.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தது. வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களில் அது 4 சதவீதம். கத்தார் நாட்டில் இளவயதுச் சர்க்கரை நோயாளிகளிடம் நடந்து 2020இல் வெளியான டையடெம் ஆய்வும் இதே வழியில் 61 சதவீதம் பேருக்குத் தணிவைக் காட்டியது. கட்டுரையாளர் விஷம் என்று பெயர் சூட்டிய வகைப் பாக்கெட்டுகளைக் குடித்தவர்கள் இவர்கள்.

டைரெக்டில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. கட்டுரையாளர் அதன் பக்கமே திரும்பவில்லை. 15 கிலோவோ அதற்கு மேலோ குறைந்தவர்களில் 86 சதவீதம் பேருக்கு நோய் தணிந்தது. 10 முதல் 15 கிலோ குறைந்தவர்களில் 57 சதவீதம். 5 முதல் 10 கிலோ என்றால் 34. அதற்கும் கீழே என்றால் 7. எடை ஏறியவர்களில் ஒருவருக்கும் இல்லை. இவர்கள் எல்லோருக்கும் கொடுத்தது ஒரே வகைப் பாக்கெட், ஒரே 59 சதவீத மாவுச்சத்து. நோய் தணிந்தவரையும் தணியாதவரையும் பிரித்துக் காட்டியது மாவுச்சத்தின் பங்கு அல்ல, எத்தனை கிலோ போனது என்பது. இவ்வளவு தெளிவான படிக்கட்டு மருத்துவ ஆய்வுகளில் அடிக்கடி கிடைப்பதில்லை. கலோரி ஒரு மாயை என்று எழுதுகிறவர் இந்த எண்களுக்கு முதலில் பதில் சொல்ல வேண்டும்.

அவர் தரப்பில் இன்சுலின் கோட்பாடு ஒன்று இருக்கிறது. மாவுச்சத்து இன்சுலினை உயர்த்தும், இன்சுலின் கொழுப்பைப் பூட்டிவைக்கும், மாவுச்சத்தை நிறுத்தினால் பூட்டு திறந்து கொழுப்பு எரியும். கேட்க நன்றாக இருக்கிறது. அமெரிக்காவில் பெதஸ்டாவிலுள்ள தேசிய சுகாதார நிலையத்தில் கெவின் ஹால் இதை நேரடியாகவே சோதித்துப் பார்த்தார். 2015இல் வெளிவந்த ஆய்வு அது. உடல் பருமனுள்ள 19 பேரை ஆய்வுக்கூடத்திலேயே தங்கவைத்து, அவர்கள் சாப்பிடும் கலோரியில் 30 சதவீதத்தை ஒருமுறை மாவுச்சத்திலிருந்தும் இன்னொருமுறை கொழுப்பிலிருந்தும் வெட்டினார். மாவுச்சத்தை வெட்டியபோது இன்சுலின் இறங்கியது, உடல் கொழுப்பை எரிப்பதும் கூடியது. அதுவரை கோட்பாடு சரி. ஆனால் உடலிலிருந்து கழிந்த கொழுப்பு நாளொன்றுக்கு 53 கிராம். கொழுப்பை வெட்டியபோது கழிந்தது 89 கிராம். காரணம் சிக்கலானதல்ல. மாவுச்சத்தை வெட்டும்போது எரியும் கொழுப்பில் பெரும்பகுதி தட்டில் வரும் கொழுப்புக்கே ஈடாகிவிடுகிறது. இடுப்பில் இருப்பது குறைவாகவே கரைகிறது. ஆறு நாள் சோதனை என்று இதை ஒதுக்குவதானால், ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ்டோபர் கார்ட்னர் 609 பேரை வைத்து ஓராண்டு நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோவும் மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோவும் இளைத்தார்கள். புள்ளியியல் கணக்கில் அது வேறுபாடே அல்ல. இன்சுலின் அதிகம் சுரப்பவர்களுக்கு மாவுச்சத்தைக் குறைப்பது கூடுதல் பலன் தருகிறதா என்றும் அதே ஆய்வு தேடியது. தரவில்லை.

தன் முறையில் ஒரே வாரத்தில் மூன்று கிலோ குறைகிறது என்று அவர் எழுதுவது நடக்கக்கூடியதுதான். குறைகிற மூன்று கிலோவில் பெரும்பகுதி தண்ணீர் என்பதை அவர் சொல்லியிருக்க வேண்டும். கல்லீரலிலும் தசையிலும் சேர்த்து கிளைக்கோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரை ஏறக்குறைய 500 கிராம் இருக்கிறது. ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கிறது. மாவுச்சத்தை அடியோடு நிறுத்தினால் இருப்பு கரைந்து அதோடு தண்ணீரும் போகும். தராசு முள் சட்டென்று இறங்கும். சொந்தக்காரர் கல்யாணத்தில் ஒரு வேளை சாப்பிட்டால் அதே வேகத்தில் ஏறவும் ஏறும். ஏறியதைப் பார்த்து எல்லாம் வீண் என்று மனமுடைந்து திட்டத்தையே கைவிட்டவர்கள் என்னிடம் வருகிறார்கள். அவர்களுக்கு முதல் வாரத்தில் வாக்களித்ததே பொய்க் கணக்கு. அந்த மனமுறிவுக்குப் பொறுப்பு அதை வாக்களித்தவருடையது.

குளுக்கோமீட்டரைச் சாட்சிக்கு அழைப்பதும் இதே ரகம். சாப்பாட்டில் மாவுச்சத்தே இல்லையென்றால் சாப்பாட்டுக்குப் பின் சுகர் ஏறாது. ஏற்றுவதற்கு எதுவும் உள்ளே போகவில்லை. அதனால் நோய் போய்விட்டதென்று ஆகாது. மாத்திரையை விட்டு மூன்று மாதம் கழித்தும் சராசரி 6.5க்குக் கீழே நின்றால்தான் அது தணிவு. 2021இல் உலகச் சர்க்கரை நோய் அமைப்புகள் கூடி வகுத்த வரையறை அது. மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிடுவது சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க உதவும் ஒரு வழி என்பதை நான் மறுக்கவில்லை. அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2019இலேயே அதை ஏற்றுக்கொண்டது. அந்த வழியில் போக விரும்புகிறவர் மருத்துவர் கண்காணிப்பில் அதை முழு உணவாகச் செய்யலாம். 800 கலோரிப் பாக்கெட் உணவின் மேல் அதை ஏற்றி வைப்பதைத்தான் எதிர்க்கிறேன். இரண்டும் வேறு வேறு சிகிச்சைகள். இரண்டையும் பாதிப் பாதியாக வெட்டி ஒட்டினால் இரண்டின் பலனும் கிடைக்காது.

ஒட்டினால் என்ன ஆகும் என்று பார்க்கலாம். ஒரு பெரிய கரண்டி நெய் 14 கிராம் என்றால் அதில் 125 கலோரி. அவர் சொல்லும் பட்டியலில் நெய்யும் தேங்காய் எண்ணெயுமாக நாளுக்கு நான்கு கரண்டி வருகிறது. 500 கலோரி. குறைத்த இரண்டு பாக்கெட்டில் மிச்சமானது 400. முட்டையை நான் இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை. நோயாளி 800 கலோரி உணவில் இருப்பதாக நினைத்துக்கொண்டு ஆயிரத்தைத் தாண்டிப் போகிறார். எடை இறங்குவது நிதானமாகிறது. 15 கிலோ என்ற படியை எட்டும் வாய்ப்பு கைநழுவுகிறது. அந்தப் படிக்கும் அதற்குக் கீழுள்ள படிக்கும் நடுவே நோய் தணிவதற்கான வாய்ப்பில் எவ்வளவு வித்தியாசம் என்பதை மேலே பார்த்தோம்.

பாக்கெட்டைப் பாதியாக்கும்போது போவது மாவுச்சத்து மட்டுமல்ல. டைரெக்ட் பாக்கெட்டுகளில் 26 சதவீதம் புரதம், நாளுக்கு ஏறக்குறைய 55 கிராம். பாதியாக்கினால் 27. ஒரு முட்டைக்கு ஆறு கிராம் புரதம் என்று வைத்துக்கொண்டு இரண்டு முட்டையைச் சேர்த்தாலும் 40ஐ எட்டாது. நம்மவர்களில் பலருக்கு ஏற்கெனவே தசை குறைவு, வயிற்றுக் கொழுப்பு அதிகம். இளைக்கும் காலத்தில் புரதத்தையும் பிடுங்கினால் கரைவது தசை. பொட்டாசியம், மெக்னீசியம் போன்ற தாது உப்புகளையும் வைட்டமின்களையும் நான்கு பாக்கெட்டும் சேர்ந்துதான் ஒரு நாள் தேவைக்கு ஈடாகும்படி அளந்திருக்கிறார்கள். நெய்யில் பொட்டாசியம் கிடையாது. தேங்காய் எண்ணெயில் மெக்னீசியம் கிடையாது.

இதை நான் மிகைப்படுத்துவதாக நினைப்பவர்களுக்கு ஒரு பழைய செய்தியைச் சொல்ல வேண்டும். 1976இல் ராபர்ட் லின் என்ற அமெரிக்க மருத்துவர் கடைசி வாய்ப்பு என்ற பொருளில் தலைப்பிட்டு ஒரு டயட் புத்தகம் எழுதினார். மாட்டுத் தோலிலிருந்தும் தசைநாணிலிருந்தும் எடுத்த திரவப் புரதம்தான் அதில் சாப்பாடு. மாவுச்சத்து ஏறக்குறைய இல்லை. புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது. அடுத்த ஆண்டே மரணச் செய்திகள் வரத் தொடங்கின. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஆராய்ந்து பார்க்க முடிந்தவர்களில் பலர் இளம் பெண்கள், வேறு நோயில்லாதவர்கள், இதயத் துடிப்பு தாறுமாறாகி விழுந்தவர்கள். மாவுச்சத்து இல்லாததுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. தரமற்ற புரதமும் தாது உப்புக் குறைபாடும்தான் பெரும் சந்தேகத்துக்கு உள்ளானவை. கலோரியை அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டு அதற்குள் ஒரு சத்தை மட்டும் குறிவைத்து விளையாடினால் மற்ற சத்துகளுக்கு என்ன நேரும் என்பதை உலகம் கற்றுக்கொண்ட விதம் அது. இன்று விற்கும் தரமான முழு மாற்று உணவுகளின் சேர்மானம் அந்த மரணங்களுக்குப் பிறகு வந்த விதிகளால் ஆனது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி, நாளுக்குக் குறைந்தது 30 கிராம் மாவுச்சத்து அதில் இருந்தாக வேண்டும் என்கிறது. கட்டுரையாளர் சொல்லும் 20 கிராம் அந்தத் தரைக்கும் கீழே கிடக்கிறது. அதற்கு அவர் காட்டும் ஆதாரம் தன்னைப் பின்பற்றுகிறவர்களின் அனுபவம் மட்டும்.

இதற்கெல்லாம் பொருள் பவுடர் குடிக்கிறவர் மாவுச்சத்தைக் கவனிக்கவே வேண்டாம் என்பதல்ல. கவனிக்க வேண்டும், கண்டிப்பாக. பாக்கெட்டுக்குள்ளே இருப்பதை யாரோ அளந்துவிட்டார்கள். பாக்கெட்டுக்கு வெளியிலிருந்து வருவதில்தான் கண் வேண்டும். தண்ணீரில் கரைக்கச் சொன்ன பவுடரைப் பாலில் கரைத்தால் 250 மில்லிக்கு 12 கிராம் பால் சர்க்கரை, டோன்டு பால் என்றால் கூடுதலாக 145 கலோரி. நாளுக்கு நான்கு முறை செய்தால் ஏறக்குறைய 580 கலோரி. திட்டம் அங்கேயே முடிந்தது. ருசிக்காக ஒரு வாழைப்பழத்தை அடித்துச் சேர்ப்பது, தேன் விடுவது, பேரீச்சம்பழம் போடுவது, சர்க்கரை போட்ட காபியை டம்ளர் கணக்கில் சேர்க்காமல் விடுவது, பேரன் தட்டில் மிஞ்சிய தயிர் சாதத்தை வீணாக்க மனமில்லாமல் வாயில் போட்டுக்கொள்வது. நூறு கிராம் சோறு என்பது 28 கிராம் மாவுச்சத்து, 130 கலோரி. இப்படிப்பட்ட தவறுகள்தான் என் மேசைக்குத் தினமும் வருகின்றன. பாக்கெட்டிலுள்ள மாவுச்சத்தால் தோற்றவரை நான் பார்த்ததில்லை. பாலையும் பழத்தையும் பற்றி ஒரு வரி எழுதியிருந்தால் அந்தக் கட்டுரை ஒரு சிலருக்காவது உதவியிருக்கும்.

கடைகளில் ஊட்டச்சத்து பானம் என்ற பெயரில் அடுக்கியிருக்கும் டப்பாக்களும் இந்தப் பாக்கெட்டுகளும் ஒன்றல்ல என்பதையும் அவர் பிரித்துச் சொல்லவில்லை. சேர்மானப் பட்டியலில் முதல் இடத்தில் சர்க்கரையோ மால்டோடெக்ஸ்ட்ரினோ இருக்கிற பவுடரை வாங்கி, சாப்பாட்டுக்குப் பதில் குடிக்கிறோம் என்று நம்புகிறவர்கள் ஏராளம். அங்கே கட்டுரையாளரின் கோபம் நியாயமானது. அந்தக் கோபத்தை அவர் திருப்பிய இடம் தவறு.

பாக்கெட் காலம் முடிந்து சாப்பாட்டுக்குத் திரும்பும் வாரங்களில் மாவுச்சத்தின் மீது கண் வைப்பது இன்னும் முக்கியம். டைரெக்டிலேயே தணிவு பெற்றவர்களின் பங்கு இரண்டாம் ஆண்டு முடிவில் 46இலிருந்து 36 சதவீதமாக இறங்கியது. எடை திரும்பியவர்களுக்கு நோயும் திரும்பியது. மூன்று மாதம் பவுடர் குடித்துவிட்டுப் பழைய தட்டுக்கே போனால், குவித்த சோறும் அதன் மேல் சாம்பாரும் பெயருக்கு ஒரு கூட்டும் என்றால், போன கிலோக்கள் ஒவ்வொன்றாக வீடு திரும்பும். அந்தக் கட்டத்துக்கு டைரெக்டில் வகுத்த உணவில் மாவுச்சத்து 50 சதவீதம். ஐசிஎம்ஆர்–இண்டியாப் ஆய்வுக்காகச் சேகரித்த 18,090 இந்தியர்களின் உணவுத் தரவை வைத்து, சென்னையின் மோகன், அஞ்சனா உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2022இல் கணக்கிட்டுச் சொன்னதும் அதையொட்டித்தான் வருகிறது: நோய் புதிதாகக் கண்டவருக்கு மாவுச்சத்து 49 முதல் 54 சதவீதம், புரதம் 19 முதல் 20, கொழுப்பு 21 முதல் 26. நம் தட்டில் சோற்றைக் கால் பங்கு குறைத்து அந்த இடத்தில் சுண்டலோ பருப்போ முட்டையோ மீனோ வைத்தால் எட்டக்கூடிய அளவு இது. ஒரு விவசாயக் குடும்பமும் ஒரு ஆட்டோ ஓட்டுநரும் ஆயுள் முழுக்கத் தொடரக்கூடியது. 20 கிராம் என்பது எத்தனை வீடுகளில் எத்தனை மாதம் நடக்கும் என்பதை அதை எழுதியவர் ஒரு கணம் யோசித்திருக்க வேண்டும்.

மலச்சிக்கலைப் பற்றியும் அவர் பயமுறுத்துகிறார். பாக்கெட் உணவில் நார்ச்சத்து வெறும் 2 சதவீதம்தான், உண்மை. டைரெக்டில் அதற்காகவே நார்ச்சத்து மருந்து கொடுத்தார்கள். நம் மருந்துக்கடைகளில் கிடைக்கும் இசப்கோல்தான் அது. தண்ணீரும் நிறையக் குடிக்க வைத்தார்கள். தீர்வு அவ்வளவுதான்.

இனி மாத்திரை. கட்டுரையிலேயே மிகச் சிறிய பகுதி அது, ஒரே ஒரு வாக்கியம். மாத்திரைகளை வழக்கம்போல் தொடரலாம் என்ற அந்த வாக்கியத்தை எழுத அவருக்கு எப்படிக் கை வந்தது என்று எனக்கு விளங்கவில்லை.

டைரெக்ட் ஆய்வில் சர்க்கரைக்கான எல்லா மாத்திரைகளையும், ரத்த அழுத்தத்துக்கான மாத்திரைகளையும் முதல் நாளே மருத்துவர்கள் நிறுத்தினார்கள். இன்சுலின் போடுகிறவர்களை ஆய்வில் சேர்க்கவே இல்லை. அந்த எச்சரிக்கைக்குக் காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டில் சர்க்கரை நோயாளியின் மாத்திரை டப்பாவைத் திறந்தால் மெட்ஃபார்மினோடு கிளிமிபிரைடு சேர்ந்த மாத்திரையைப் பல வீடுகளில் பார்க்கலாம். கிளிமிபிரைடு சாப்பாடு வந்ததா இல்லையா என்று பார்க்காது. கணையத்தைக் கசக்கி இன்சுலினை வெளியே தள்ளும். 310 கிராம் மாவுச்சத்துக்கு அளந்த அந்த மாத்திரையை 20 கிராம் மாவுச்சத்தோடு விழுங்கினால் சுகர் 50க்கும் கீழே இறங்கலாம். வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், பேச்சு குழறும். அதிகாலையில் தூக்கத்திலேயே இது நேர்ந்தால் பக்கத்தில் படுத்திருப்பவருக்குக்கூடத் தெரியாது. தனியாக வாழும் முதியவர்கள் அந்தக் கட்டுரையைப் படிக்கிறார்கள்.

அதைவிட மறைவான ஆபத்து டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளில் இருக்கிறது. சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் நல்ல மருந்துகள் இவை. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நன்மை செய்பவை. டபாகிளிஃப்ளோசினின் காப்புரிமை 2020இல் இந்தியாவில் முடிந்து விலை இறங்கியபின் சிறிய ஊர் மருந்துக்கடையிலும் கிடைக்கிறது. இந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு மாவுச்சத்தை அடியோடு நிறுத்தினால் கொழுப்பு எரியும்போது உண்டாகும் கீட்டோன் அமிலம் உடலில் கட்டுக்கடங்காமல் சேரக்கூடும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015 மே மாதமே இந்த மருந்துகள் பற்றி எச்சரித்தது. குளுக்கோமீட்டர் இதைக் காட்டிக் கொடுக்காது என்பதுதான் கொடுமை. சாதாரணமாகக் கீட்டோன் அமிலம் ஏறும்போது சுகரும் 300, 400 என்று ஏறி அபாயம் சொல்லும். இந்த மாத்திரை சர்க்கரையைச் சிறுநீரில் வடித்துவிடுவதால் மீட்டரில் 180 என்று அமைதியாகத் தெரியும். நோயாளிக்குக் குமட்டல், வாந்தி, வயிற்று வலி, மூச்சிரைப்பு. வீட்டில் இருப்பவர்கள் வாயு என்பார்கள், டயட் ஒத்துக்கொள்ளவில்லை என்பார்கள், ஓமத் தண்ணீர் கொடுப்பார்கள். கட்டுரையாளர் கீட்டோன் ஏறுவதை வெற்றியின் அடையாளம் என்று எழுதியிருப்பதால், மூச்சு வாடையைக்கூட நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்வார்கள். மருத்துவமனைக்குப் போக வேண்டிய நேரம் அதற்குள் கடந்துபோயிருக்கும்.

கலோரியைப் பற்றி, இன்சுலினைப் பற்றி, நெய்யைப் பற்றி அவரோடு நான் இன்னும் பத்து இதழ்களுக்கு வாதாடத் தயார். மாத்திரையைப் பற்றிய அந்த ஒரு வாக்கியத்துக்கு வாதம் தேவையில்லை. அடுத்த இதழிலேயே, அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் அவர் அதைத் திரும்பப் பெற வேண்டும். அதுவரை அவருடைய முறையில் இருக்கிறவர்கள் இன்றே தங்கள் மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போகட்டும். தினமும் என்ன சாப்பிடுகிறோம் என்பதை மறைக்காமல் சொல்லட்டும். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்லசைடு, டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற பெயர்களில் ஏதாவது ஒன்று அந்தச் சீட்டில் இருந்தால், அல்லது இன்சுலின் இருந்தால், நாளை வரை காத்திருக்க வேண்டாம்.